வரைபடத்துக்கு முன் வெட்டிய எஃகு

2025 நவம்பர் 25 அன்று அமெரிக்கக் கடற்படைச் செயலர் ஜான் ஃபெலன் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். கான்ஸ்டலேஷன் வகுப்பு என்று பெயரிடப்பட்ட புதிய ஃபிரிகேட் வரிசையில் அதுவரை ஆணை கொடுக்கப்பட்டிருந்தவை 6 கப்பல்கள். அவற்றில் கடைசி 4 இனி கட்டப்படமாட்டா, விஸ்கான்சின் மாநிலத்து மரினெட் நகரில் வேலை நடந்துகொண்டிருக்கும் முதல் 2 மட்டும் தொடரும் என்றது அந்த அறிவிப்பு. 20 கப்பல்கள் வேண்டும் என்று வகுத்த திட்டம் அது. ஒப்பந்தம் கையெழுத்தாகி ஐந்தரை ஆண்டுகள் கடந்திருந்தன. ஒரு கப்பல்கூட நீரில் இறங்கியிருக்கவில்லை. பணத்துக்கோ அனுபவத்துக்கோ பஞ்சமில்லாத ஒரு கடற்படைக்கு இது எப்படி நேர்ந்தது என்பதே இன்றைய உரையின் பொருள்.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தாமதம் கப்பல் கட்டும் தளத்தில் பிறக்கவில்லை. கப்பல் எப்படி இருக்க வேண்டும் என்ற முடிவு முற்றுப்பெறாத நாளில் எஃகை வெட்டத் தொடங்கினார்கள். அன்றே அது பிறந்துவிட்டது. அவ்வளவு சீக்கிரம் வெட்டலாம் என்ற துணிவைக் கொடுத்தது ஒரு சொற்றொடர்: ‘ஏற்கெனவே நிரூபிக்கப்பட்ட வடிவமைப்பு’. இத்தாலியர்கள் கட்டிக் கடலில் ஓட்டிக்கொண்டிருக்கும் கப்பலைத்தானே எடுத்துக்கொள்கிறோம், புதிதாக யோசிக்க என்ன இருக்கிறது என்ற நம்பிக்கை, யோசித்தே ஆக வேண்டியவற்றையெல்லாம் தள்ளிப்போட வைத்தது. ஆள் பற்றாக்குறையும் பெருந்தொற்றும் சுமையைக் கூட்டின, மறுக்கவில்லை. ஆனால் வேர் அவை அல்ல.

ஃபிரிகேட் என்ற சொல்லை நாளிதழ்களில் பார்த்திருப்பீர்கள். விமானந்தாங்கிக் கப்பலுக்கும் நாசகாரிக் கப்பலுக்கும் கீழே, ரோந்துக் கப்பலுக்கு மேலே நிற்கும் போர்க்கப்பல் அது. சரக்குக் கப்பல் தொடருக்குத் துணையாகப் போவது, நீர்மூழ்கியைத் தேடுவது, தன்னையும் அருகிலுள்ள கப்பல்களையும் ஏவுகணையிலிருந்து காப்பது ஆகியவை அதன் அன்றாட வேலை. விலை ஓரளவு குறைவாக இருக்க வேண்டும்; அப்போதுதான் எண்ணிக்கை கிடைக்கும். அமெரிக்கா 1970களிலும் 80களிலும் ஆலிவர் ஹசார்ட் பெர்ரி வகுப்பில் தனக்கென்று 51 ஃபிரிகேட்டுகளைக் கட்டியது. அவற்றில் கடைசியாக இருந்த சிம்ப்சன் 2015இல் ஓய்வுபெற்றது. அதன்பின் அந்தக் கடற்படையில் ஃபிரிகேட் என்று சொல்லத்தக்க கப்பல் ஒன்றுகூட இல்லை.

அந்த இடத்தை நிரப்பக் கரையோரப் போர்க்கப்பல் என்ற புதிய எண்ணம் முன்பே வந்திருந்தது. அதன் கதையைச் சுருக்கமாகவேனும் சொல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. ஒரே உடலில் இன்றைக்குக் கண்ணிவெடி தேடும் கருவித் தொகுதி, நாளைக்கு நீர்மூழ்கி தேடும் தொகுதி என்று மாற்றிமாற்றிப் பொருத்தலாம் என்பது திட்டம். கருவித் தொகுதிகள் ஆயத்தமாவதற்கு முன்பே கப்பல்கள் வரிசையாக வந்து இறங்கின. நீர்மூழ்கி எதிர்ப்புத் தொகுதி 2022இல் கைவிடப்பட்டது. மரினெட்டில் கட்டிய ஒற்றையுடல் வகையின் பற்சக்கரப் பெட்டியில் அடிப்படைக் குறை தெரியவந்து, 2021 தொடக்கத்தில் புதிய கப்பல்களை ஏற்பதையே கடற்படை நிறுத்திவைத்தது. 2018 நவம்பரில் சேர்க்கப்பட்ட சியூ சிட்டி என்ற கப்பல், ஐந்து ஆண்டுகூட நிறையாமல் 2023 ஆகஸ்டில் விடைபெற்றது. இந்த அனுபவத்திலிருந்து கடற்படை கற்றுக்கொண்ட பாடம், இனிப் புதுமை வேண்டாம் என்பது. கற்க வேண்டிய பாடம் வேறு: பாதி முடிந்த எண்ணத்தின்மேல் கப்பல் கட்டாதே என்பது. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றல்ல. முதல் பாடத்தைப் படித்தவர்கள் கடன் வாங்கிய வடிவமைப்பைத் தேடிப் போனார்கள். இரண்டாவதைப் படித்திருந்தால் எங்கிருந்து வாங்கினாலும் முடிவை முதலில் எடுத்திருப்பார்கள்.

2017இல் புதிய ஃபிரிகேட் திட்டம் அறிவிக்கப்பட்டபோது நிபந்தனை தெளிவாக இருந்தது. ஏதேனும் ஒரு நாட்டில் ஏற்கெனவே கட்டப்பட்டு ஓடும் கப்பலை மூலமாகக் கொண்டே போட்டியில் இறங்க வேண்டும். 2018 பிப்ரவரியில் 5 நிறுவனங்களுக்கு முதற்கட்ட வடிவமைப்புப் பணி தரப்பட்டது. ஒன்று இடையில் விலகியது. 2020 ஏப்ரல் 30 அன்று இத்தாலியின் ஃபின்காந்தியேரி நிறுவனத்துக்குச் சொந்தமான மரினெட் தளம் தேர்வானது. முதல் கப்பலின் விரிவான வடிவமைப்புக்கும் கட்டுமானத்துக்கும் 79.5 கோடி டாலர். ஆணை 10 கப்பல்கள் வரை விரிந்தால் மொத்தம் ஏறத்தாழ 558 கோடி டாலர். முதல் கப்பல் 2026இல் கைக்கு வரும் என்றார்கள். மூலம், பிரான்சும் இத்தாலியும் இணைந்து உருவாக்கிய ஃப்ரெம் வகை. அதன் இத்தாலிய வடிவத்தின் முதல் கப்பலான கார்லோ பெர்கமினி 2013 முதல் பணியில் இருந்தது. மூலக் கப்பலும் புதுக் கப்பலும் நூற்றுக்கு 85 பங்கு ஒன்றாக இருக்கும் என்பது தொடக்க மதிப்பீடு. 2024இல் அந்த எண் 15 என்று சொல்லப்பட்டது.

85 எப்படி 15 ஆயிற்று? இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். யாரும் ஒரே நாளில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றிவிடவில்லை. அமெரிக்க மின்னாக்கிகள் பெரியவை, பிற்காலத்துக்கும் இடம் வேண்டும் என்று கப்பல் ஏறத்தாழ 7 மீட்டர் நீட்டப்பட்டது. இத்தாலியக் கப்பலின் முகப்பில், நீருக்கடியில் துருத்திக்கொண்டிருக்கும் ஒலியுணர் கருவியின் கூடு நீக்கப்பட்டு முகப்பின் வடிவம் மாறியது. இத்தாலிய ராடார் போய் அமெரிக்க ராடார் வந்தது. அதனால் மேற்கட்டுமானம் மாறியது. ஏஜிஸ் போர் மேலாண்மை அமைப்பு வந்தது. அதற்கென்று கணினி அறைகளும் குளிரூட்டும் குழாய்களும் வந்தன. 32 செங்குத்து ஏவுகலன்கள், வேறு பீரங்கி, வேறு ஏவுகணை. நீருக்கடியில் ஓசை குறைய வேண்டும் என்பதற்காக உந்துசிறகுகூட வேறாயிற்று. இவற்றின்மேல், அடிபட்டாலும் மிதக்க வேண்டும், தீ ஓர் அறையிலிருந்து மறு அறைக்குப் பரவக் கூடாது, அதிர்ச்சியில் பொறிகள் பெயரக் கூடாது என்ற அமெரிக்கக் கடற்படையின் தர விதிகள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் நியாயம் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை என்பதுதான் குறை.

போர்க்கப்பலில் தனித்த மாற்றம் என்று எதுவும் கிடையாது. உயரத்தில் வைக்கும் ராடாரின் எடை ஒரு டன் கூடினால், கப்பலின் எடை மையம் மேலே ஏறும். அலையில் சாயும் விதம் மாறும். ஈடுகட்டக் கீழே எடை சேர்க்க வேண்டும், இல்லையென்றால் அகலத்தைக் கூட்ட வேண்டும். ராடாருக்கு மின்சாரம் கூடுதலாக வேண்டும், அதற்கு மின்னாக்கி, மின்னாக்கிக்குக் காற்று, எரிபொருள், குளிர்நீர், புகைபோக்கி. புகைபோக்கி வழி மாறினால் அது துளைத்துச் செல்லும் ஒவ்வொரு தளத்திலும் அறைகள் நகர வேண்டும். கேபிள்கள் தடுப்புச் சுவர்களைத் துளைத்துச் செல்கின்றன. ஒவ்வொரு துளையும் நீர் புகாதபடி, தீ தாண்டாதபடி அடைக்கப்பட வேண்டும். அதற்குத் தனி வரைபடம், தனி ஒப்புதல். இன்றைய கப்பல் பல தொகுதிகளாகத் தனித்தனியே கட்டப்பட்டுப் பிறகு சேர்த்துப் பற்றவைக்கப்படுகிறது. தொகுதி தலைகீழாகவோ பக்கவாட்டிலோ திறந்து கிடக்கும்போதே குழாயையும் கேபிள் தாங்கிகளையும் உள்ளே பொருத்திவிட்டால் வேலை எளிது. சேர்த்து மூடிய பிறகு அதே குழாயை நுழைக்க, குனிந்தும் தவழ்ந்தும் பலமடங்கு உழைப்பைக் கொட்ட வேண்டும். எனவே தொகுதி தொடங்கும்முன் அதன் வரைபடம் முடிந்திருக்க வேண்டும் என்பது அலுவலகச் சம்பிரதாயம் அல்ல. பற்றவைப்பவரின் கை எட்டுமா என்ற கேள்வி.

2022 ஆகஸ்டில் மரினெட்டில் கட்டுமானம் தொடங்கியது. வடிவமைப்பு அப்போது முடியவில்லை. முடிந்துவிட்டது போலக் காட்டியது அளவுகோல். எத்தனை வடிவமைப்பு ஆவணங்கள் சமர்ப்பிக்கப்பட்டன என்று எண்ணி அதையே முன்னேற்றமாகக் கொண்டார்கள். அந்த ஆவணத்துக்குள் விடை இருக்கிறதா, பின்னர் நிரப்ப வேண்டிய வெற்றிடம் இருக்கிறதா என்பதை அந்த எண் சொல்லவில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் அரசுக் கணக்காய்வு அலுவலகம் 2024 மே மாத அறிக்கையில் இதைத்தான் சுட்டிக்காட்டியது. ஒரு காலத்தில் பத்தில் ஒன்பது பங்கு முடிந்ததாகச் சொல்லப்பட்ட வடிவமைப்பு, அளக்கும் முறையைத் திருத்திய பிறகு பத்தில் ஏழு பங்குதான் முடிந்திருந்தது என்று தெரியவந்தது. காலம் முன்னே போக, முன்னேற்றம் பின்னே போனது. மேசையின் ஒரு பக்கம் வரைபவர்கள், மறுபக்கம் தரம் பார்க்கும் கடற்படைப் பொறியாளர்கள். ஒரே தாள் திருத்தக் குறிப்புகளோடு மீண்டும் மீண்டும் போய்வந்தது. தளத்தில் இருந்தவர்கள் அடுத்து எந்தத் தொகுதியைத் தொடுவது என்று காத்திருந்தார்கள்.

விளைவுகள் வரிசையாக வந்தன. 2024 ஏப்ரல் தொடக்கத்தில் கடற்படையே நடத்திய 45 நாள் மறுஆய்வின் முடிவு வெளியானது: முதல் ஃபிரிகேட் 36 மாதம் தாமதம், 2026 என்றது 2029 ஆனது. பத்து நாள் கழித்து, ஏப்ரல் 12 அன்று, முதல் கப்பலான கான்ஸ்டலேஷனுக்கு, கப்பலின் முதுகெலும்பான ஏராவைப் பதிக்கும் விழா நடந்தது. எடை, முதலில் கணித்ததைவிட 10 விழுக்காட்டுக்கு மேல் கூடியிருந்தது. அதைச் சமாளிக்கக் கப்பலின் வேகத் தேவையையே குறைத்துக்கொள்ளலாமா என்று கடற்படை யோசித்தது. ஓடும் வேகத்தை விட்டுக்கொடுத்து எடையை ஏற்பது என்பது, முடிவெடுக்க வேண்டிய வேளையில் எடுக்காததற்குக் கப்பல் தன் ஆயுள் முழுதும் கட்டும் வட்டி. 2025 வசந்தத்தில் முதல் கப்பலின் கட்டுமானம் பத்தில் ஒரு பங்களவே முடிந்திருந்தது.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு, ஆள் பற்றாக்குறை. பெருந்தொற்றுக்குப் பின் அமெரிக்காவின் கப்பல் தளங்கள் எல்லாவற்றிலும் பற்றவைப்போர், குழாய் பொருத்துவோர், மின்பணியாளர்கள் கிடைக்கவில்லை. அந்த 45 நாள் மறுஆய்விலேயே கொலம்பியா வகை நீர்மூழ்கிக்கு ஓராண்டுக்கு மேல் தாமதம், அடுத்த விமானந்தாங்கிக்கு ஒன்றரை ஆண்டுக்கு மேல் தாமதம் என்று பட்டியல் நீண்டது. மரினெட்டோ சிறு ஊர். ஆயிரக்கணக்கில் புதுத் தொழிலாளர்களை அழைத்தால் குடியிருக்க வீடு எங்கே என்பதே கேள்வி. இவ்வளவும் மெய்தான். ஆனால் ஆள் குறைவு வேலையை மெதுவாக்கும், நிறுத்தாது. கணக்காய்வு அலுவலகம் சொன்னது, வடிவமைப்பு நிலைபெறாததால் கட்டுமானம் ஏறக்குறைய நின்றுபோனது என்று. இருந்த கைகளுக்கே கொடுக்க வரைபடம் இல்லாதபோது, இன்னும் ஆயிரம் கைகள் வந்து என்ன செய்திருக்கும்? இன்னொன்றும் உண்டு. வேலை வந்துவந்து நிற்கும் தளத்தில் தேர்ந்த பணியாளர் நிலைக்கமாட்டார். ஆள் குறைவில் ஒரு பகுதி, தாமதத்தின் காரணமாக இல்லாமல் தாமதத்தின் விளைவாகவே இருந்திருக்கக் கூடும் என்று நான் கருதுகிறேன்.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. அதை மதித்தே பதில் சொல்ல வேண்டும். மாற்றங்கள் ஆடம்பரம் அல்ல, உயிர் காக்கும் விதிகள் என்பார்கள். 1987 மே 17 அன்று பாரசீக வளைகுடாவில் ஸ்டார்க் என்ற பெர்ரி வகை ஃபிரிகேட்டை ஈராக்கிய விமானம் ஒன்று இரண்டு எக்ஸோசெட் ஏவுகணைகளால் தாக்கியது. 37 மாலுமிகள் மாண்டார்கள், கப்பல் மூழ்கவில்லை. அடுத்த ஆண்டு ஏப்ரலில் சாமுவேல் பி. ராபர்ட்ஸ் என்ற அதே வகைக் கப்பல் கண்ணிவெடியில் மோதி ஏரா முறிந்தது. அதன் குழுவினர் நெருப்போடும் நீரோடும் மணிக்கணக்கில் போராடிக் கப்பலைக் காப்பாற்றினார்கள். அந்தக் கடற்படையின் தர விதிகள் இப்படிப்பட்ட இரவுகளில் எழுதப்பட்டவை. அவற்றைத் தளர்த்து என்று வசதியான நாற்காலியில் அமர்ந்து சொல்ல எனக்கு மனம் வராது. என் பதில் வேறு. அந்த விதிகள் 2020இல் முளைத்தவை அல்ல. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்தவை. ஐரோப்பியக் கப்பல் எதுவானாலும் அவற்றுக்குள் அடங்க எவ்வளவு மாற வேண்டும் என்று தேர்வுக்கு முன்பே கணக்கிட்டிருக்க முடியும். கணக்கிட்டிருந்தால் ‘இது இத்தாலிய மூலத்திலிருந்து பிறக்கும் புதுக் கப்பல்’ என்று நேர்மையாகச் சொல்லி, வடிவமைப்புக்கு இரண்டு மூன்று ஆண்டுகளைத் தனியே ஒதுக்கியிருப்பார்கள். மாற்றியது தவறு என்று நான் சொல்லவில்லை. மாற்றுவதாக ஒப்புக்கொள்ளாமல் மாற்றியதுதான் தவறு.

மூன்றாவது மறுப்பு அவசரம். சீனக் கடற்படை ஆண்டுதோறும் கப்பல்களை இறக்கிக்கொண்டிருக்க, கடைசி வரைபடம் கையெழுத்தாகும்வரை காத்திருக்க முடியுமா? இந்தக் கேள்விக்குச் சீனாவின் ஃபிரிகேட்டுகளையே பார்க்கலாம். 054 வகையில் முதலில் 2 கப்பல்கள் மட்டும் கட்டினார்கள். அவற்றில் தெரிந்த குறைகளைச் சரிசெய்து 054ஏ வகையை 2008 முதல் பணியில் சேர்க்கத் தொடங்கினார்கள். அதன்பின் பெரிய மாற்றமின்றி அதே கப்பலை 30க்கு மேல் கட்டினார்கள். அடுத்த படியான 054பி வகையின் முதல் கப்பல் 2025 ஜனவரியில்தான் சேர்ந்தது. எண்ணிக்கை அங்கே முடிவில் நிலைத்து நின்றதால் வந்தது. பதறாத காரியம் சிதறாது என்று நம் ஊரில் சொல்வது இந்த இடத்துக்குப் பொருந்தும். மரினெட்டில் அவசரப்பட்டு மிச்சம்பிடித்த மாதங்கள் எத்தனையோ, அவை எல்லாம் சேர்ந்து 36 மாத நட்டமாகத் திரும்பி வந்தன.

முதல் கப்பல் எந்த நாட்டிலும் தாமதமாகத்தானே வரும் என்பது நான்காவது மறுப்பு. பெரும்பாலும் உண்மை. ஆனால் தாமதங்கள் ஒரே இனம் அல்ல. ஜப்பானின் மொகாமி வகையில் முதல் கப்பலின் வாயுச்சுழலி, சோதனையில் பழுதுபட்டது. அதனால் இரண்டாவது கப்பலான குமானோ 2022 மார்ச்சில் முந்திக்கொண்டது. மொகாமி அடுத்த மாதம் வந்தது. ஓர் எந்திரம் உடைந்தது, மாற்றினார்கள், மற்றவை ஓடின. வரைபடம் நிலையாக இருந்ததால் ஒரு கப்பலின் சிக்கல் அடுத்த கப்பலைத் தொடவில்லை. அதன் பிறகு அந்த வகையில் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு என்ற கணக்கில் கப்பல்கள் வந்தன. மரினெட்டில் நிலைபெறாதது பொருள் அல்ல, எண்ணம். அதனால் முதல் கப்பலின் சிக்கல் அப்படியே இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் போய்ச் சேர்ந்தது.

இது ஒரு நாட்டின் குறை மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. ஆஸ்திரேலியா 2018 ஜூனில் பிரிட்டனின் டைப் 26 வகையை மூலமாக எடுத்து 9 ஹன்டர் வகை ஃபிரிகேட்டுகள் கட்டத் தீர்மானித்தது. மூலமான பிரிட்டிஷ் கப்பல் கிளாஸ்கோவுக்கு அப்போதுதான் எஃகு வெட்டி ஓராண்டு ஆகியிருந்தது. கடலில் ஓடாத கப்பலை எப்படி நிரூபிக்கப்பட்ட வடிவமைப்பு என்பது? அதன்மேல் ஆஸ்திரேலிய ராடாரும் அமெரிக்கப் போர் மேலாண்மை அமைப்பும் ஏறின. எடை ஏறியது, விலை ஏறியது. 2023இல் அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் இந்தத் தேர்வு நடந்த முறையையே கடுமையாகக் குறைகூறியது. 2024 பிப்ரவரியில் 9 என்பது 6 ஆகக் குறைந்தது. முதல் கப்பல் 2030களின் முற்பாதியில்தான் பணிக்கு வரும். பிறகு 2025 ஆகஸ்டில், கூடுதலாகத் தேவைப்பட்ட பொதுப்பணி ஃபிரிகேட்டுகளுக்கு அதே ஆஸ்திரேலியா மேம்படுத்தப்பட்ட மொகாமி வகையைத் தேர்ந்தெடுத்தது. மூல வடிவமைப்பைப் பெருமளவு அப்படியே எடுத்துக்கொள்வது என்பதே அந்தத் தேர்வின் முக்கிய நிபந்தனையாகப் பேசப்பட்டது. பட்ட பிறகு வந்த தெளிவு அது.

இந்தியாவின் அனுபவமும் இங்கே பொருந்தும். தாமதம் நமக்குப் புதிதல்ல. 17ஆம் திட்டத்தின் ஷிவாலிக் கப்பலுக்கு மும்பை மசகான் தளத்தில் 2001இல் ஏரா பதித்து, 2010 ஏப்ரலில்தான் கடற்படையில் சேர்த்தார்கள். ரஷ்யாவிலிருந்து வர வேண்டிய போர்க்கப்பல் எஃகு உரிய காலத்தில் வரவில்லை. ஐதராபாத்தின் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகமும் இந்திய எஃகு ஆணையமும் சேர்ந்து உள்நாட்டிலேயே அந்தத் தர எஃகை உருவாக்க வேண்டியதாயிற்று. கப்பலில் பொருத்திய அமெரிக்க வாயுச்சுழலிகளின் பணியை 2009இல் அமெரிக்க அரசு சிலகாலம் நிறுத்திவைக்கச் சொன்னது. ஆனால் அடுத்த 17ஏ திட்டத்தில் இந்தியக் கடற்படையின் வடிவமைப்பாளர்கள் ஷிவாலிக்கின் உடலமைப்பையே அடிப்படையாக வைத்து வளர்த்தார்கள். அதே எஃகு வகையைக் கொண்டார்கள். அந்த வகுப்பின் 7 கப்பல்களை மும்பையும் கொல்கத்தாவும் பகிர்ந்துகொண்டன. முதல் கப்பல் நீலகிரிக்கு 2017 டிசம்பரில் ஏரா பதித்து, 2025 ஜனவரி 15 அன்று பணியில் சேர்த்தார்கள். அதுவும் திட்டமிட்டதைவிடத் தாமதமே, ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் அடுத்தவை காத்திருக்கவில்லை. உதயகிரியும் ஹிம்கிரியும், வேறுவேறு தளங்களில் கட்டப்பட்டும், 2025 ஆகஸ்ட் 26 அன்று விசாகப்பட்டினத்தில் ஒரே நாளில் சேர்ந்தன. கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று: 17ஏ திட்டத்தில் தொகுதிமுறைக் கட்டுமானத்துக்கு நம் தளங்களுக்கு நுட்ப ஆலோசனை தந்ததும் அதே ஃபின்காந்தியேரி நிறுவனம்தான். நிறுவனம் ஒன்று, தளங்கள் இரு நாட்டில், விளைவுகள் வேறு. எனவே குறையை இத்தாலியரின் தலையில் கட்டவும் முடியாது. இங்கே கப்பலின் எண்ணம் நம்முடையது, அதை மாற்றும் அதிகாரமும் அதை நிறுத்தும் அதிகாரமும் ஒரே வீட்டில் இருந்தன. அங்கே எண்ணம் ஒரு நாட்டினுடையது, விதி இன்னொரு நாட்டினுடையது, இரண்டையும் ஒட்டவைக்கும் வேலை ஒப்பந்தக்காரருடையது.

இதனால் உள்நாட்டு வடிவமைப்பே மேல், கடன் வாங்கியது எல்லாம் கீழ் என்று நான் வாதிடவில்லை. கரையோரப் போர்க்கப்பல் அமெரிக்காவின் சொந்தச் சரக்கு, அதுவும் தவறிற்று. கடன் வாங்குவதில் இருவழி உண்டு. அப்படியே எடுத்து, அதன் குறைகளோடு வாழ்வது ஒன்று. அதை விதையாக மட்டும் வைத்துப் புதுக் கப்பலை வரைந்து, அதற்குரிய காலத்தையும் பணத்தையும் கொடுப்பது மற்றொன்று. இரண்டும் மரியாதையான வழிகள். முதல் வழியின் விலையைக் கொடுத்து இரண்டாம் வழியின் கப்பலை வாங்க முயன்றதே மரினெட்டில் நடந்தது. இதைத் தடுக்கப் பெரிய சட்டம் எதுவும் வேண்டாம். எஃகு வெட்டும் நாளில், எந்தெந்தத் தொகுதியின் வரைபடம் இன்னும் ஒப்புதல் பெறவில்லை, ஏன் பெறவில்லை என்ற கணக்கைக் கடற்படை தன் நாட்டு நாடாளுமன்றத்தில் வைத்தால் போதும். ஆவண எண்ணிக்கையைக் காட்டித் தப்ப முடியாது. தொகுதிக்குத் தொகுதி பதில் சொல்ல வேண்டும். நம் நாட்டில் 17ஏ வரிசைக்கு அடுத்த ஃபிரிகேட் வகுப்பு பேசப்படும் இந்த வேளையில், அந்தக் கணக்கை நாமும் முன்கூட்டியே கேட்கலாம்.

ரத்து அறிவிப்புக்கு அடுத்த மாதமே அமெரிக்கக் கடற்படை புதிய ஃபிரிகேட் ஒன்றை அறிவித்தது. இம்முறை மூலம் வெளிநாட்டினுடையது அல்ல. அமெரிக்கக் கடலோரக் காவல்படைக்காக மிசிசிப்பியின் பாஸ்ககூலா தளத்தில் கட்டப்பட்டு, 2008 முதல் பணியில் இருக்கும் பெரிய ரோந்துக் கப்பல் வகை. 2028க்குள் முதல் கப்பலை நீரில் இறக்குவது இலக்கு. அந்தக் கப்பலுக்கு இனி என்னென்ன ஏறும், எந்த ராடார், எந்த ஏவுகலன், எத்தனை டன் என்பதை அடுத்த சில மாதங்களில் கவனித்தாலே அந்த இலக்கு நிற்குமா என்று தெரிந்துவிடும்.

ரத்தாகாத முதல் 2 கப்பல்களான கான்ஸ்டலேஷனும் காங்கிரசும் மரினெட்டில் தொடரும் என்பதே அந்த முடிவு. தளத்தை மூடாமல், தொழிலாளர்களைக் கலைக்காமல் இருக்க அது உதவும். ஆனால் 20 கப்பல்களுக்கென்று திட்டமிட்ட பயிற்சிக்கூடம், உதிரிப் பொருள் கிடங்கு, பழுதுபார்க்கும் அறிவு எல்லாம் இப்போது 2 கப்பல்களுக்காக நடக்க வேண்டும். அந்த உந்துசிறகும் அந்த மின்னாக்கி அடுக்கும் அமெரிக்கக் கடற்படையில் வேறெந்தக் கப்பலிலும் அதே அமைப்பில் இருக்கமாட்டா. தலா ஏறத்தாழ 200 பேர் கொண்ட இரு குழுக்கள், உடன்பிறப்பு ஒன்றே ஒன்று உள்ள கப்பலில் ஏறிக் கடலுக்குப் போவார்கள். இன்னும் கால் நூற்றாண்டு காலம், ஏதேனும் உடையும்போதெல்லாம், அந்தப் பொருளைச் செய்து தர ஆள் இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.